வாட்ச்மேன் கிழித்த குஷன்

கலை இயக்குநரின் உதவியாளர் காலையிலிருந்து குஷன் தைத்துக்கொண்டிருந்தார். டேக்குக்கு ஒன்று கிழிபடும் என்பதால் ஏழெட்டாவது வேண்டும். எந்தக் காட்சிக்கு என்று கன்டின்யூட்டி கேட்டாள். போன ஷாட்டில் எது எப்படி இருந்தது என்று நினைவு வைத்துச் சரிபார்ப்பது அவள் வேலை; செட்டில் அதுவே அவள் பெயராகிவிட்டது. சொந்தமாக ஒரு படம் எடுக்கத்தான் இங்கே தொழில் பழக வந்திருந்தாள்.

வேலை போன தையல்காரி தன் நாற்காலிக் குஷனை வீட்டுக்கு எடுத்துப்போகிறாளாம். உள்ளே எதையோ திருடி வைத்திருக்கிறாள் என்று கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அதைக் கிழிக்கிறானாம். அது கன்டின்யூட்டியின் அம்மாவுக்கு நடந்தது. அவள் படத்தின் முதல் காட்சி. லொகேஷன் பார்க்கப் போனபோது வண்டியில் இயக்குநர்தான் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நன்றாக இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள் என்றும் சொன்னார். இது வெளியே வந்துவிட்டால், நாளைக்கு அவள் எடுப்பதைத்தான் காப்பி என்பார்கள்.

நேரே அவரிடம் போனாள். "சார், இது என் படத்தோட சீன்."

அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் படம் எங்கம்மா இருக்கு? நான் எடுக்கறேன், பக்கத்துல நின்னு கத்துக்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு, ஏதோ நினைவு வந்தவர்போல, இயக்குநர் அவள் அம்மாவின் குஷனுக்குள் என்ன இருந்தது, பஞ்சா என்று கேட்டார்.

வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அம்மாவின் குஷனில் பஞ்சைத் திணித்துப் படம் எடுப்பதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கட்டிங் வேஸ்ட் சார். கீழ விழற துண்டுத் துணி. அதையும் கம்பெனி சொத்துன்னு சொன்னாங்க."

இயக்குநர் விரலைச் சொடுக்கினார். அந்த வசனத்தையும் வாட்ச்மேனுக்குக் கொடுக்கச் சொன்னார்.

குஷனில் துண்டுத் துணி நிரப்பி முதல் டேக் எடுத்தார்கள். கத்தி இறங்கியது, துணிகள் கேட் வாசலில் சிதறின. ஒன் மோர் என்றார் இயக்குநர். அடுத்த டேக்குக்குள் தரையைப் பழையபடி ஆக்கவேண்டும். கன்டின்யூட்டியைக் கூப்பிட்டார்கள். அவள் மண்டியிட்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்து மடியில் போட்டாள். கண்ணீர் பார்வையை மறைத்தது.

"மேடம், அந்தப் பொண்ணு பொறுக்கறதப் பாத்துக்கோங்க. அதே மாதிரி பண்ணுங்க," என்றார் இயக்குநர்.

தையல்காரியாக நடிப்பதற்காகக் குடை நிழலில் காத்து உட்கார்ந்திருந்த நடிகை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவா பொறுக்கும்மா," என்றார்.