தரைக்கு ஊற்றிய முதல் வாய்

ஏரி வறண்டு அடிமண் வெடித்துக் கிடந்த அந்த நவம்பரிலும் பொலிவிய மலைநகரமான எல் ஆல்டோவின் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது; அதில் லேசாகப் பியர் வாசம் அடித்தது. மலைப்பனி ஆண்டுக்காண்டு ஒடுங்கி, கடைசியில் ஒரு கம்பளித் தொப்பி அளவுக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஏரிக்கு இறங்க எதுவும் இல்லை. ஆனாலும் நிலையத்துக்குள் வரும் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. வடிகட்டித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பசீலியா டிக்கோனா மோந்து பார்த்துவிட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் ஊதாச் சோளக் கஞ்சியின் பட்டை வாசமும் சேர்ந்துகொண்டது. கல்யாணங்கள் நடக்கும் சனிக்கிழமைகளில் பியர் தூக்கலாக இருந்தது.

இன்ஜினியர் உர்கிடி கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பசீலியாக்கா, இதை ஊருக்கு விட்டா புள்ளைங்க தள்ளாடிக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகும். வால்வை மூடிடுங்க."

"மூடிட்டு? மேட்டுக்குத் தண்ணி லாரி ஏறாது சார். எம்பொண்ணு பச்ச உடம்போட அங்க கெடக்கா. பேத்திய உங்க கையெழுத்துலயா குளிப்பாட்டுறது?"

"எங்கேருந்து வருதுன்னே தெரியாத தண்ணிக்கு நான் எப்படிக்கா பொறுப்பேத்துக்கறது? சாப்பிட்டதும் மூடுங்க."

அவள் வால்வுச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உரித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பப்பாளி சோடாவைத் திறந்தார். கீழே, வெயில் ஊரில் படித்தவர். மேட்டு வழக்கங்களையெல்லாம் விட்டுவிட்டதாக நம்பியவர். ஆனால் கை மறக்கவில்லை. குடிக்கும் முன் மண்தாய்க்கென்று முதல் வாயைத் தரையில் சாய்த்தது. சிமெண்டில் விழுந்த சோடா ஈரம்கூட வைக்காமல் மறைந்தது. அதே நொடி வாய்க்காலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மிதந்து வந்தது. அவர் இன்னொரு வாய் ஊற்றினார். இன்னொரு கோடு வந்தது. பசீலியா தன் தேநீரைச் சாய்த்தாள். பழுப்பாக ஒன்று வந்தது.

"எத்தனை வருஷமாக்கா இப்படி ஊத்தறோம்?" என்றார் உர்கிடி.

"ஊரு இருக்கறதுலேருந்து. எங்க வீட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்கு ஊத்துனது மட்டுமே ஒரு வாரத்துக்கு வரும் சார்."

வால்வு மூடப்படவில்லை. வாசத்தை இழுக்கக் கரி வடிகட்டியில் கரியைக் கூட்டினார்கள். அன்று மாலை மேட்டில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். பிறகு பனி மொத்தமாகப் போயிற்று, ஏரி இருந்த இடத்தில் லாமாக்கள் மேய்ந்தன, உர்கிடி தலை நரைத்து மாற்றலாகிப் போனார். குழாய்களில் தண்ணீர் நிற்கவில்லை. பெரிய கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு மூட்டைக் கரி கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். காலையில் வாய்க்காலில் ஊதாவாக ஒரு மெல்லிய கோடு வரும்போது, பேத்தி கஞ்சி குடிக்க உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு, பசீலியா தன் வேலையைப் பார்க்கப் போகிறாள்.