உருகாத பொடி

நானும் என் ஓரகத்தியும் பத்து வருஷம் ஒரே வீட்டில் சண்டை போடாமல் இருந்தோம் என்றால் சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். "வெளியில நல்லாத்தான் சிரிச்சுக்கிறீங்க, உள்ள எப்படியோ" என்று மாமியார்கூட ஒருமுறை கேட்டார். உள்ளேயும் அப்படித்தான் இருந்தோம். அவளை எல்லோரும் சின்னவள் என்பார்கள், என்னைவிட ஒரு சாண் உயரம் என்றாலும். மூக்கின் மேல் கோபம் எனக்கு, பொறுமை முழுக்க அவளுக்கு. அதனால் வண்டி ஓடியது.

வீட்டுக்குப் பின்னால் கார் இல்லாத கார் ஷெட் ஒன்று இருந்தது. அதில் ஒரு மின்சாரச் சூளையை வைத்து இரண்டு பேரும் கண்ணாடி வேலை ஆரம்பித்தோம். தட்டைக் கண்ணாடியை வெட்டி, அதன் மேல் கண்ணாடிப் பொடியைச் சலித்து, படம் வரைந்து, சூளையில் சுட வேண்டும். சலிப்பது டீ வடிகட்டியில். கோடு இழுப்பது பல் டாக்டர் வேண்டாம் என்று ஒதுக்கிய கொக்கியில். வெட்டும் பக்குவம் ஜன்னல் கடைக்காரரைப் பார்த்துப் பழகியது, பொடி தூவும் பக்குவம் இரண்டு நாள் வகுப்பில் கிடைத்தது. எல்லாம் இரவல்தான். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

நிறமில்லாத பொடியைத் தூவி, சூளையின் நாலாம் நம்பர் நிரலில் எண்ணூறு டிகிரிக்குச் சுட்டால் அது உருகி அடிக்கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். பொடி இருந்த சுவடே தெரியாது. மூணாம் நம்பரில், எழுநூறில் நிறுத்தினால் உருகியும் உருகாமலும் வெள்ளையாக அப்படியே நிற்கும், ஜன்னலில் ஆவி படிந்த மாதிரி. விரலால் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடும் நிற்கும். இதில் நான் பூவும் கொடியும் போட்டுத் தட்டுகள் செய்தேன். 'பனித்தட்டு' என்று பெயர் வைத்தேன். யார் கேட்டாலும், "ஒரு தப்புல கண்டுபிடிச்சேன்" என்பேன்.

அந்தத் தப்பு சின்னவள் செய்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. அவளுடைய ஒரே மகள் பாப்பா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாலு வயசுக் குழந்தை, ஐந்தே நாள் காய்ச்சல். சின்னவள் பேச்சே இல்லாமல் மறுபடி ஷெட்டுக்கு வரத் தொடங்கிய நேரம். ஒருநாள் காலையில் சூளையைத் திறந்தேன், உள்ளே உள்ளங்கை அளவில் அவள் வைத்த துண்டு ஒன்று, பொடி உருகாமல் கிடந்தது.

"என்னடி இது, நாலாம் நம்பர் போடச் சொன்னா மூணப் போட்டிருக்க? பொடி அப்படியே நிக்குது பாரு!" என்று கத்தினேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "ஏய், நில்லு நில்லு. நல்லா இருக்கேடி இது!"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தத் துண்டை என் மேசைக்கு எடுத்துப் போனேன். அதற்குப் பிறகு அது என்னுடையது.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. என் பனித்தட்டுகளும் இடம்பெறப்போகிற பெரிய கண்ணாடிக் கலைக் கண்காட்சியின் பொறுப்பாளர் அம்மா பேசினார்.

"மேடம், உங்க வீட்டு அட்ரஸ்லருந்து ஒரு பேனல் வந்திருக்கு. பேரு வேற. ஆனா பார்த்தா உங்க பனித்தட்டு மாதிரியே இருக்கு. ஃபார்ம்ல 'பிறர் உத்தி' கட்டத்துல ஒண்ணும் எழுதல. அதான் கேக்கலாம்னு."

எனக்குச் சுருக்கென்றது. சின்னவள் கண்காட்சிக்கு அனுப்பியிருக்கிறாளா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா? போட்டோ அனுப்பச் சொன்னேன். ஒரு ஜன்னல் பலகை அளவுக் கண்ணாடி. பொடி ஒரே சீராக இருந்தது, என்னால்கூட அவ்வளவு சீராகச் சலிக்க முடியாது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. போனில் பெரிதாக்கிப் பொடியின் குருணையைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்த்தேன், எத்தனை டிகிரியில் நிறுத்தியிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். கீழே ஏதோ கிறுக்கல் இருந்தது. மேலே ஒன்றுமே இல்லை.

"உத்தி என்னோடதுதான்" என்றேன். "நான் சொல்லிக் குடுத்தது. அதுவும் பாருங்க, பாதிக்கு மேல காலியா விட்டிருக்கா. படத்த எங்க வைக்கணும்னுகூடத் தெரியல."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே பேனலை நீக்கிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அது மரப்பெட்டியில் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

சின்னவள் கீழே இறங்கி வந்து ஷெட் வாசலில் நின்றாள். "நீங்கதான் அப்படிச் சொன்னீங்களாக்கா?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இல்லாததையா சொன்னேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணிச்சா உனக்கு?"

"இல்லக்கா" என்றாள். எதற்கு இல்லை என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிக்குப் போனாள். அவளாக வந்து பேசட்டும் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் ஓடியது. பத்து வருஷத்தில் முதல்முறையாக அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டால் நான் கதவைச் சாத்தினேன்.

நேற்றுக் காலை கொழுந்தன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று 'ம்' ஆக இருக்கும். வேலைக்குப் போகிற சட்டையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அது உங்க உத்தி இல்ல."

"உன் பொண்டாட்டிக்கு வக்காலத்தா? அவ வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் கோபப்படவில்லை. "பாப்பா தினமும் ஜன்னல்கிட்ட நிப்பா. நான் வேலைக்குப் போறப்போ கண்ணாடில ஊதி ஊதி ஏதாவது வரைவா. அவ போன அப்புறம் ஒருநாள் நல்ல மழை. ஜன்னல்ல ஆவி படிஞ்சுது. அவ விரல் வெச்ச இடம் மட்டும் தனியா தெரிஞ்சுது அண்ணி. அஞ்சு விரலு, ஒரு முகம், மூக்க வெச்சு அமுக்கின தடம். எல்லாம். அதுலருந்து இவ தினமும் அந்த ரூம மூடிட்டு, கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு, ஆவி ஏறுற வரைக்கும் உக்காந்து பார்ப்பா. ஒரு மாசம் பார்த்தா."

"அப்புறம்?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்புறம் நீங்க வந்து வீட்டச் சுத்தம் பண்ணிக் குடுத்தீங்கல்ல."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வீடு கிடக்கிற கிடப்பைப் பார்த்துத் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய்ப் பெருக்கித் துடைத்தேன். எங்கள் தொழிலில் கண்ணாடியில் விரல்தடம் இருக்கக் கூடாது. சூளைக்குப் போனால் அது கறையாகச் சுட்டுப்போகும். விரல்தடத்தைக் கண்டால் என் கை தானாகத் துணியைத் தேடும். ஸ்பிரிட் ஊற்றி அந்த ஜன்னலை இரண்டு முறை துடைத்தேன். "பாருடி, கண்ணாடி இருக்கிறதே தெரியல" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமாக்கா" என்றாள். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும், பாவி நான்.

"அதுக்கப்புறம்தான் சூளைல ஆரம்பிச்சா" என்றான் கொழுந்தன். "எல்லாம் மனப்பாடம் அவளுக்கு. தரைலருந்து எவ்வளவு உயரத்துல எந்த விரல்னு சொல்லுவா. நீங்க தப்புன்னு எடுத்துட்டுப் போனீங்களே, அது அவ செஞ்ச முதல் துண்டு. வேணும்னேதான் மூணாம் நம்பர் போட்டிருக்கா. அதுலருந்து மூணு வருஷம் ஆச்சு, இத முடிக்க."

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

"சொன்னா நீங்க துடைச்சதையும் சொல்லணும்ல. அக்கா தாங்க மாட்டாங்கன்னுட்டா."

பாதிக்கு மேல் காலி. நாலு வயசுக் குழந்தைக்கு அதற்கு மேல் எப்படி எட்டும்? எத்தனை டிகிரி, எந்தக் குருணை என்று கண்ணை விரித்துப் பார்த்தவளுக்குப் பாப்பாவின் கை தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்து எத்தனை நாள் மாடிப்படி இறக்கியிருக்கிறேன்.

அவன் எதிரிலேயே பொறுப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நான் சொன்னது பொய்ங்க. உத்தி அவளோடது. நான்தான் அவகிட்டருந்து எடுத்துக்கிட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், என்னோடத வேணும்னா எல்லாத்தையும் தள்ளிடுங்க." அந்த அம்மா பக்கத்தில் யாரிடமோ விசாரித்தார். பிறகு, "வெள்ளிக்கிழமைதான் திறக்கிறோம். அந்தச் செவரு இன்னும் காலியாத்தான் இருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்துருவீங்களா?" என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினேன். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போகலாம், அவள் காலில் விழுந்தாவது ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று நினைத்தேன். பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே வைக்கோலும் அட்டையும்தான் இருந்தன. சூளையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னவள் அதன் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது, இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிரல் எண் நாலு. எண்ணூறுக்குப் போய்விட்டு வருகிறது என்று அர்த்தம்.

"என்ன வெச்சிருக்க உள்ள? சின்னவளே, என்னடி வெச்சிருக்க?"

நான் சூளையின் கைப்பிடியைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டாள். "திறந்தா விரிசல் விட்டுடும்க்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"அவங்க எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்கடி. இப்பத்தான் பேசினேன். எல்லாம் என் தப்புன்னு சொல்லிட்டேன். உன் வீட்டுக்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"சொல்ல வேணாம்னேன் அவர்கிட்ட" என்றாள். சூளைத் திரையைப் பார்த்தபடி, "ஒரு தடவ நாலு பேர் அவளப் பார்க்கட்டும்னுதான் அனுப்பினேன். வேற ஒண்ணும் இல்ல. பேரு, பரிசு ஒண்ணும் வேணாம். ஆனா அங்க இருக்கிறவங்களும் இது யாரோட உத்தின்னுதான் பார்த்தாங்க. இனிமே யாரு பார்த்தாலும் அதான் பார்ப்பாங்க. அவளப் பார்க்க மாட்டாங்க." குரல் உயரவே இல்லை. "நீங்களே பார்க்கலையேக்கா. நீங்க வளர்த்த பிள்ள."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"மறுபடி செய்யலாம்டி. நான் சலிச்சுத் தர்றேன், நீ சொல்லச் சொல்ல நான்..."

"இல்லக்கா. இப்பல்லாம் சுண்டுவிரல் எங்க வரும்னு சரியா ஞாபகம் வரல. இதுலயே ரெண்டு இடம் சந்தேகம்தான்."

கண்ணாடி ஆறுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு நாற்பது டிகிரி காட்டியது. இரண்டு பேரும் சேர்ந்துதான் மூடியைத் தூக்கினோம். அவள் கையுறை போட்டுக்கொண்டு பலகையை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தாள். விரல் இல்லை, முகம் இல்லை, மூக்கு இல்லை. அந்தப் பக்கம் நின்ற அவளுடைய சேலையின் ஒவ்வொரு கட்டமும் அதன் வழியாகத் துல்லியமாகத் தெரிந்தது.

"நல்லா வந்திருக்குல்லக்கா?" என்றாள். "ஒரு குமிழிகூட இல்ல."

அவள் பலகையை என் மேசைமேல் படுக்க வைத்தாள். கையுறையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"தட்டுக்கு வெட்டிக்கோங்க. நாலு வரும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.