கொம்பனுக்குள் இருந்தவர்

கண்ணீர் அஞ்சலி பதினான்காம் பக்கத்தில், வலது மூலையில் வந்திருந்தது. படம், பெயர், தோற்றம், மறைவு, அதற்குக் கீழே 'அன்புத் தம்பி காளிதாசன், பாடாங் செராய்'. காலை எட்டு மணிக்கே பக்கத்து வீட்டுப் பிரேமாவதி தூக்குச்சட்டியில் காப்பியோடு வந்துவிட்டார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா.

"யாருண்ணே அந்தச் சீனப் பெரியவரு? இப்படி ஒரு அண்ணன் இருக்காருன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அவர் சீனர் இல்லை, ஜப்பான்காரர். அண்ணனும் இல்லை, நடிகர் என்று வரிசையாக விளக்கினேன். உறவுமுறை போடாமல் அஞ்சலி வாங்க மாட்டேன் என்று பத்திரிகை ஏஜெண்டு பிடிவாதமாக நின்றதால் தம்பி என்று எழுதிக் கொடுத்தேன். பிரேமாவதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

முராசே கென்சோ என்ற பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. கொம்பன் யாரென்று கேட்டால் அறுபது வயதைத் தொட்ட ரப்பர் தோட்டத்துக்காரர்கள் பாதிப் பேர் சொல்வார்கள். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கடலிலிருந்து எழுந்து வந்து ஊரை மிதிக்கும் இரட்டைக் கொம்பு மிருகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கொம்பன். அதன் தோல் ரப்பர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து ரப்பர்ப் பால்தான் ஜப்பானுக்குப் போகிறது என்று பள்ளிக்கூடமே நம்பியது. தன் அம்மா வெட்டிய பால் கொம்பனின் இடது காலில் இருப்பதாக அழகேசன் என்ற பையன் சத்தியமே செய்வான்.

அந்த ரப்பருக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு படங்களைத் திரும்பப் பார்த்தேன். கொம்பன் நடக்கும்போது முதலில் தோள் இறங்கும், பிறகுதான் கால் நகரும். எவ்வளவு ஆத்திரத்திலும் மிதிக்கப்போகும் வீட்டை ஒரு கணம் நின்று பார்ப்பான். முகம் தெரியாத ஒருவர், உள்ளே வெந்துகொண்டு, அந்த ஒரு கணத்தை மறக்காமல் நின்றிருக்கிறார். அதற்காகவே அவருக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு கடிதம் எழுதி வந்தேன். பதினாறு கடிதங்கள். நகல்கள் கோப்பில் இருக்கின்றன. இரண்டுக்குப் பதில் வந்தது.

அவர் இறந்த செய்தியைச் சொன்னவர் பக்கத்து ஊரான லூனாஸில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் பாய். இந்தப் பைத்தியத்தில் எனக்கு இருக்கும் ஒரே கூட்டாளி. கடை டிவியில் வாடிக்கையாளர்கள் பந்து விளையாட்டுக் கேட்டாலும் கொம்பனைத்தான் போடுவார். அவருடைய கைப்பேசியில் வந்த ஜப்பானியச் செய்தியில் கொம்பன் படம் பெரிதாக இருந்தது, பக்கத்தில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். இருவருக்கும் அதற்கு மேல் படிக்கத் தெரியாது. உடனே அஞ்சலிக்கு ஏற்பாடு செய்தேன். புதன்கிழமை அது வெளிவந்ததும் வெட்டி, நகல் எடுத்து, ஓர் ஆறுதல் கடிதத்தோடு திருமதி முராசேவுக்கு அன்றே பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கடையில் இருந்தபோது பாயின் மகள் ஐனா வந்தாள். கூலிமில் ஜப்பான்காரர் தொழிற்சாலையில் வேலை செய்பவள், மொழி படித்தவள். அந்தச் செய்தியை ஒருமுறை பார்த்தாள்.

"அங்கிள், மௌத்தானது இவர் இல்ல. தொயாமா ரியூஜி. விஞ்ஞானியா வருவாரே, கதாநாயகன். கொம்பன்தான் எல்லாருக்கும் தெரியும்னு அந்தப் படத்தைப் போட்டிருக்காங்க."

பாய் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். தொண்ணூற்றொரு வயது மனிதர் உறையைப் பிரித்து, தன் படத்தின் கீழே 'மறைவு' என்று பார்க்கப்போகிறார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, ஆண்டு எண் தெரியுமே. கூடவே மனைவிக்கு நான் எழுதிய ஆறுதல் வேறு.

அஞ்சலகத்துக்கு ஓடினேன். முகப்பில் இருந்த ஷாமளா கணினியில் பார்த்துவிட்டு, உறை நாட்டை விட்டே போய்விட்டது என்றார். பதிவுத்தபால் சேர பத்து நாளாவது ஆகும். விரைவுத்தபால் ஐந்து நாளில் சேரும். அதாவது, பின்னால் போகும் கடிதம் முன்னால் போக வழி இருந்தது.

எழுதுவதுதான் வரவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முகவரி மாறி வந்துவிட்டது, பிரிக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார் பாய்.

"பொய் வேணாம் பாய். பதினாறு கடிதத்துல ஒரு பொய் கூட நான் எழுதினதில்ல."

"அப்ப உண்மையையே எழுதுங்க அண்ணே. நம்ம ஊருல உயிரோட இருக்கிறவரைச் செத்தாருன்னு சொன்னா ஆயுசு கூடும்னு, அதையும் கடைசியில போட்டுருங்க லா."

அப்படியே எழுதினேன். செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டது, அஞ்சலி போட்டது, உறவுமுறை கேட்டது, தம்பி ஆனது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல். பின்னால் ஒரு தடித்த உறை வரும், தயவுசெய்து பிரிக்காமல் எரித்துவிடுங்கள். ஐனா ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் வந்ததும் பிரிக்காமலே லூனாஸுக்கு எடுத்துப்போனேன். ஐனா வாசிக்க, பாய் கடை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

பிரிக்காதீர்கள் என்று நான் எழுதியதால் முராசே அந்த உறையை உடனே பிரித்துவிட்டாராம். மனைவி ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டதால் ஆறுதல் கடிதத்தையும் அவரே படித்து, நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்தாராம். "நான் கொம்பு உடைந்து இருபத்திரண்டு தடவை செத்திருக்கிறேன். என் சொந்த முகத்தோடு செத்தது இதுதான் முதல் தடவை" என்று எழுதியிருந்தார். பாய் சிரித்தார். எனக்கு மூன்று வாரத்துப் பாரம் இறங்கியது.

ஆனால் கடிதம் அங்கே முடியவில்லை. அடுத்த பகுதியை ஐனா நிதானமாகப் படித்தாள்.

"தொயாமா நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பயப்படும் காட்சிகள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றில்கூட நான் அங்கே இல்லை. மூங்கில் கழியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தூக்கிப் பிடிப்பார்கள், அவர் அதைப் பார்த்துப் பயப்படுவார். என் உடை என்னைவிட ஒரு முழம்தான் உயரம். அவர் பயந்ததால்தான் நான் மலையளவு ஆனேன். இறந்தவர் அவர். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் அவர் பெயர் வரவில்லை."

கொம்பனையே பார்த்துப் பழகியதில், கீழே நின்ற அந்த மனிதரை நாங்கள் ஒருமுறையும் சரியாகப் பார்த்ததில்லை. பாய் எழுந்து போய் இரண்டாவது படத்தைப் போட்டார். துறைமுகக் காட்சியில் தொயாமா மெல்ல நிமிர்கிறார். கண் முதலில் போகிறது, கழுத்து பிறகு. வாய் திறக்கவில்லை. கையிலிருந்த தொப்பி மட்டும் கீழே விழுகிறது. பாய் அதை நிறுத்தித் திரும்பப் போட்டார், மறுபடியும் போட்டார். மீன் குழம்புக்குக் காத்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவரும் எங்களோடு சேர்ந்து மேலே பார்த்தார்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தொயாமா பிறந்த ஆண்டைச் சொல்லச் சொன்னேன். ஐனா சொன்னாள். இந்த முறை இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்லி எழுதிக்கொண்டேன்.