மறுபதிவுக்கு வாய்ப்பு

"மெஷின எங்க வச்சிருக்க?" என்று சாவு வீடுகளில் முதல் குரலெடுத்துப் பாடும் ஃபிதேலினா கேட்டபோது எடில்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் கரைந்துபோன மெழுகுவர்த்திகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த ஒன்பதாம் நாளின் விடியல். இன்னும் சற்று நேரத்தில் வழியனுப்பும் பாட்டைப் பாடி, சுவரில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்துவிடுவார்கள்.

"பையில இருக்கு. வேண்டாங்க்கா."

"எட்டு நாளா இதையேதான் சொல்ற. ஒரு அடியும் விடாம பாடணும், என் பொண்ணு படிப்புக்கு வேணும்னு படுக்கையில கிடந்துக்கிட்டு மூணு தடவை ஆள் அனுப்பினாரு உங்கப்பா. எடு."

எடில்மா தலைநகர் போகோட்டாவில் இசையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஒரு பருவம்தான் ஆகியிருந்தது. ஆய்வேட்டுக்கு இப்போதே திட்டம் போடு, கடைசி வருஷத்தில் தலையில் கைவைக்காதே என்றார் பேராசிரியர். அவளும் தன் ஆற்றங்கரையின் சாவுப் பாட்டான அலபாவோவை எடுத்துக்கொண்டு டிசம்பரிலேயே பதிவுக் கருவியோடு ஊருக்கு வந்து நின்றாள். பாடுகிற பெண்கள் கைவிரித்துவிட்டார்கள். சாவு விழாத வீட்டில் அலபாவோ பாடினால், பாட்டே ஒரு சாவைத் தேடிக்கொள்ளுமாம்.

அப்பா மாக்சிமினோ மட்டும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் பொறு, நானே ஏற்பாடு பண்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எடில்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இந்த ஒன்பது நாளும் அவளை அறுத்தது.

கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபிதேலினா ஓர் அடி பாட, வீடே பதில் பாடியது. மூன்றாம் அடியில் ஃபிதேலினா நிறுத்திவிட்டாள்.

"நீ ஏன் வாய மூடிக்கிட்டிருக்க?"

"என் குரல் ரொம்பக் கிட்டக்க விழும்க்கா. பதிவு கெட்டுடும்."

"கெடட்டும். பெத்த பொண்ணு பதில் பாடலேன்னா அவரு எப்படிக் கிளம்புவாரு? வாசல்லயே நிப்பாரு."

"அந்த ஆளு என்னைக்கு நேரத்துக்குப் படகெடுத்தான்!" என்றார் அப்பாவோடு படகோட்டிய ருதெசிந்தோ. இரண்டு பேர் சிரித்து அடங்கினார்கள்.

எடில்மா பாடினாள். இரண்டாவது சொல்லிலேயே குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. ஃபிதேலினா முடிச்சை இழுத்தாள். துணி விழுந்தது. வாசலைத் திறந்துவிட்டு, போகிறவரைப் பார்க்கக்கூடாது என்று எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, போகோட்டாவில், ஆய்வுத் திட்டப் படிவத்தை நிரப்பினாள். பதிவு ஒன்று. பத்தொன்பது நிமிடம். கருவிக்கு மிக அருகில் ஒரு பெண் குரல். சுருதியில் நிற்கவில்லை. நான்காம் அடியிலிருந்து மற்ற குரல்களை மறைக்கிறது.

படிவத்தின் அடுத்த கட்டம், மறுபதிவுக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டது.

இல்லை என்று எழுதினாள்.