பெயர் வைக்காத பிள்ளைக்குப் பெரிய எழுத்து

உத்தமபாளையத்தில் கல்வெட்டு வெட்டும் பால்பாண்டி, கருங்கல்லைத் திருப்பி வைத்தார். இன்னும் உளி படவில்லை. எழுத்துகளைச் சாக்பீஸால் வரைந்திருந்தார்.

"சார் எழுதிக் குடுத்தாக. நீங்க இங்கிலீசு டீச்சராமுல்ல, ஒருவாட்டி பாத்துருங்கம்மா. வெட்டிட்டா அழிக்க முடியாது."

ஜெசிந்தா வாசித்தாள். 'ஹியர் ஸ்லீப்ஸ் தி பேபி ஆஃப் இமானுவேல் அண்ட் ஜெசிந்தா.' புருசன் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. அவள் பெயரும் அப்படித்தான். பேபிக்கு மட்டும் சின்ன 'பி'.

"இந்தப் 'பி'யப் பெருசாப் போடணும்" என்றாள்.

பக்கத்தில் நின்ற இமானுவேல் தயங்கினான். "நீதான ஜெசி சொல்லுவ? பேருக்குத்தான் பெரிய எழுத்து, பொதுவாச் சொல்ற பிள்ளை, மரம், வீடெல்லாம் சின்ன எழுத்துன்னு. நீ தப்புச் சொல்லிறக் கூடாதேன்னு யோசிச்சு யோசிச்சு எழுதுனேன்."

"அவளுக்கு அதான் பேரு."

"நாமதான் இன்னும் பேரே வைக்கலயே..."

சொன்னவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். மகளுக்குத் தன் அம்மா ரோசம்மாளின் பெயரை வைக்க வேண்டும் என்று அவன் நின்றான். வேண்டவே வேண்டாம் என்று அவள் நின்றாள். ஞானஸ்நானத்துக்குத்தான் நாள் கிடக்கிறதே என்று இருவரும் வீம்பாக இருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் கண்டது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

"மடியில போட்டு நான் என்னன்னு கூப்பிட்டேன்? பேபின்னுதான? கூப்பிட்டா திரும்பிப் பாத்தாளா இல்லையா? பெறகென்ன, அது பேரில்லாம என்னங்க?"

இமானுவேல் சரியென்று தலையாட்டினான்.

"அந்தத் 'தி'யவும் எடுத்துருங்கண்ணே. பேருக்கு முன்னால அது வராது."

பால்பாண்டி ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெரிய 'பி'யை மெதுவாக வரைந்தார். "இம்புட்டுப் பெருசு போதுமாம்மா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை இராயப்பன்பட்டிக் கல்லறையில் கல்லை நட்டார்கள். சாமியார் ஜெபித்து முடித்ததும் பஸ் ஏறினார்கள். பின் சீட்டில் யாருடைய கைக்குழந்தையோ பசிக்கு வீறிட்டது. ஜெசிந்தாவுக்கு மார்பில் பால் சுரந்து, ரவிக்கை நனைந்தது. அடக்க நினைத்தும் அடங்கவில்லை. இமானுவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள்மீது போர்த்திவிட்டான். அவள் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.