மூன்றாவது அழைப்பு

கியூமர்ஸ் தன் நண்பரை இரண்டு முறைதான் வீட்டுக்கு அழைத்திருந்தார். சிக்கலே அதுதான்.

தெஹ்ரானில் முதல் முறை அழைப்பது மரியாதை. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மறுப்பதும் மரியாதை. இரண்டாவது முறையும் இதே கூத்து. மூன்றாவது முறை கையைப் பிடித்து இழுத்தால்தான் அது அழைப்பு. அதுவரை எல்லாம் தாரோஃப், வெறும் வாய் உபசாரம். ஆஸ்பத்திரி வாசலில் கியூமர்ஸ் இரண்டு முறை சொன்னார், ஷிர்ஸாத் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் கியூமர்ஸுக்குச் சரியாக இருமல் வந்துவிட்டது.

ஷிர்ஸாத் யஸ்து ஊர்க்காரர், பட்டாளத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். அவர் மனைவி மாஹ்ரோக் வயிற்றில் ஆபரேஷன் ஆகி உள்ளே கிடக்கிறாள். வெளியே மதிலோரப் புல்தரையில், வெளியூர்க்காரர்கள் வரிசையாகப் போட்டிருக்கும் சின்னக் கூடாரங்களில் ஒன்றில் இவர் கிடக்கிறார். கியூமர்ஸ் வீட்டிலோ ஓர் அறை காலி. முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வாங்கிய, கால்களில் தங்கப் பூச்சுப் பூசிய சோபா ஒன்று பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு அங்கே குடியிருந்தது.

வீட்டைக் கொடுக்க மனம் வராதவர் நகரத்தைக் கொடுக்க முன்வந்தார். "வா ஷிர்ஸாத், பழைய தெஹ்ரானைக் காட்டறேன். இந்த ஊரை இலையுதிர்காலத்துலதான் பாக்கணும்."

நகராட்சியில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர் கியூமர்ஸ். ராஜாக்களைப் பற்றிப் பேசினால், தனக்குக் கீழே வேலை பார்த்த குமாஸ்தாக்களைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். சீ-யே-தீர் தெருவின் செங்கல் தளத்தில் சினார் மரத்து இலைகள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றை மிதித்தபடி அவர் முன்னால் நடந்தார்.

"இந்தத் தெருவுல ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு."

"எல்லாத்தையுமா சொல்லப்போற? எனக்கு முட்டி வலிக்குதுப்பா, டைரக்டர் ஐயா."

"ஏன், என்னாச்சு?"

"ஈரத்தரை. வேற ஒண்ணுமில்ல."

கியூமர்ஸ் உடனே எதிரே இருந்த கட்டடத்தின் ஜன்னல் வளைவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வழியில் அவித்த பீட்ரூட் வண்டி ஆவி பறக்க நின்றது. தட்டை நீட்டிய வண்டிக்காரர், "உங்களுக்கு இல்லாததா, ஐயா? காசெல்லாம் வேணாம்" என்றார். "அதெப்படி" என்றார் கியூமர்ஸ். "சத்தியமா வேணாம், நம்ம கடை." "வாங்கிக்கணும்." "என்னை வெக்கப்பட வெக்கிறீங்களே." "அட, பிடிங்க." வண்டிக்காரர் பிடித்துக்கொண்டார். ஒரு தட்டு பீட்ரூட்டுக்கு மூன்று சுற்றும் குறைவில்லாமல் முடிந்தது. கியூமர்ஸ் தட்டைப் பாதியிலேயே கீழே வைத்தார். சூடு அதிகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பாகே மெல்லி என்ற பழைய நுழைவாயிலின் வண்ண ஓடுகளைக் காட்டினார். கோலெஸ்தான் அரண்மனைக்குள் கூட்டிப்போய்க் கண்ணாடி மண்டபத்தைக் காட்டினார். ஷிர்ஸாத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, அசல் விருந்தாளி போல அடக்கமாகப் பார்த்தார்.

"இத்தனை ரூமா! இப்ப இங்க யாரு படுக்கறாங்க?"

"யாரும் படுக்கக் கூடாது. இது மியூசியம்."

"அடப் பாவமே, சும்மா கெடக்குதா?"

அந்த மனுஷன் குத்திக் காட்டத் தெரியாதவர். தெரிந்திருந்தால் கியூமர்ஸ் பதிலுக்குக் கோபமாவது பட்டிருப்பார். ஒரு நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை முழுக்க மனைவி, மகளோடு யஸ்தில் ஷிர்ஸாத் வீட்டில் தான் தின்று தூங்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஷிர்ஸாத் "தங்கிடுங்களேன்" என்று முதல் முறை சொல்லி வாய் மூடுவதற்குள் கியூமர்ஸ் பெட்டிகளை இறக்கிவிட்டார்.

வெளியே வந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. மெட்ரோ படிக்கட்டில் ஷிர்ஸாத் கை நீட்டினார். "நல்லா சுத்திக் காட்டின. மாஹ்ரோக்கிட்ட ராஜா வீட்டுக்குப் போனேன்னு சொல்றேன். நம்பமாட்டா."

"ஷிர்ஸாத், நீ எங்க வீட்டுக்கு வா."

"சேச்சே, உனக்கு எதுக்குச் சிரமம்?"

"வாடா."

"இல்லப்பா, இருக்கட்டும்."

"வா. தங்கு. மாஹ்ரோக்கை டிஸ்சார்ஜ் பண்ணினதும் அவளும் வந்து இருக்கட்டும். தாரோஃப் இல்ல!" கியூமர்ஸ் கத்தியே விட்டார். படியேறி வந்த ஒரு பெண்மணி ஒதுங்கிப் போனாள்.

ஷிர்ஸாத் அவரைக் கனிவோடு பார்த்துச் சிரித்தார். "தாரோஃப் இல்லன்னு நீ சொன்னதே பெரிய விஷயம், கியூமர்ஸ். வீட்டுல பொண்ணு பாக்க வராங்கன்னு நீதானே சொன்ன? எனக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரி வாசலில் நேரத்துக்கு வராத மூன்றாவது அழைப்பு இப்போது வந்தும் கணக்கில் சேரவில்லை. ஷிர்ஸாத் அதையும் உபசாரமாகவே எடுத்துக்கொண்டார். இனி இதே வாசகத்தை எத்தனை முறை சொன்னாலும் மரியாதைதான் கூடும். கூடாரத்துச் சாமானைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தால்தான் ஆச்சு என்று முடிவு கட்டி, கியூமர்ஸும் கூடவே ரயில் ஏறினார்.

ஆஸ்பத்திரி மதிலோரம் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்திருந்தது. ஷிர்ஸாத் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தார். "ஏழை வீடு. உள்ள வா, நனையாதே."

"சரி" என்று கியூமர்ஸ் முதல் அழைப்புக்கே குனிந்து உள்ளே நுழைந்தார்.

நுழைந்த பிறகுதான் உறைத்தது. இப்போது இவர் விருந்தாளி. விருந்தாளி காலை நீட்டி உட்காருவதற்கு முன்னால், வீட்டுக்காரனைப் பார்த்து வீட்டைக் காலி பண்ணு என்று எப்படிச் சொல்வது? ஷிர்ஸாத் ஃப்ளாஸ்கைத் திறந்து, இருந்த ஒரே கிளாஸில் டீயை ஊற்றினார். கற்கண்டு வைத்தார். பக்கத்துக் கூடாரத்தில் குரல் கொடுத்து ஒரு ரொட்டி வாங்கினார். கம்பளியை எடுத்து நண்பரின் முழங்கால் மேல் போர்த்தினார்.

"ஷிர்ஸாத், நான் சொல்ல வந்தது..."

"மொதல்ல டீயக் குடி. ஆறிப்போகுது."

தலையணை ஒன்றுதான் இருந்தது. ஷிர்ஸாத் அதைத் தட்டிச் சீராக்கி, கியூமர்ஸின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். நண்பரின் கால் ஈரமாகாமல் இருக்க, ஒழுகுகிற மூலைக்குத் தான் நகர்ந்துகொண்டார்.