ஒரே கழிப்பறை, இரண்டு சம்பந்திகள்

சிக்னேயின் கல்யாணத்துக்காக டென்மார்க்கிலிருந்து பாலித் தீவுக்கு வந்து இறங்கிய கூட்டத்தில், முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி பெண்ணின் அம்மா போடில். இன்னொருத்தி மாப்பிள்ளை எஸ்பனின் அம்மா யூட்டே.

போடில் பயணிகள் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டில் அடைந்து கிடக்காதவள். யூட்டே கோபன்ஹேகனில் பல் டாக்டர். கல்யாணம் தன் பேட்டைச் சர்ச்சில் நடக்க வேண்டும் என்பது யூட்டேயின் ஆசை. பிள்ளைகள் வெப்பக் கடற்கரை என்று சொல்ல, போடில் உடனே கை தட்டிவிட்டாள். அன்று விழுந்த முடிச்சு. அவிழட்டும் என்றுதான் சிக்னே இருவரையும் ஒரே குடிலில் தங்கவைத்தாள். இரண்டு படுக்கை, நடுவில் ஒரு கொசுவலை, ஒரே ஒரு கழிப்பறை.

சனிக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போடில் தோட்டத்தில் அடுப்பு மூட்டினாள். விடுதிக்காரி அர்த்தினி உதவிக்கு வந்தபோது, "நீங்க உக்காருங்க, இன்னைக்கு என் சமையல்" என்று அவளைத் துரத்திவிட்டாள். கரி சரியாகப் பற்றுவதற்குள் கோழித் துண்டுகளை அடுக்கி, இருட்டு விழும் நேரத்தில் வெந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி இறக்கினாள். மற்றவர்கள் அர்த்தினி தன் சமையலறையில் சமைத்த மீனைத் தேடிப் போய்விட்டார்கள். கோழியைத் தொட்டது சமைத்தவளும், மரியாதைக்காகத் தட்டை நீட்டிய யூட்டேயும் மட்டுமே. எலும்புப் பக்கம் சிவப்பாக இருந்ததை யூட்டே பார்த்தாள். இதற்கும் ஒரு சண்டை வேண்டாம் என்று விழுங்கினாள்.

வியாழக்கிழமை விடியும்போது யூட்டேயின் வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை இழுத்துப்போடுவது போல் இருந்தது. எழுந்து ஓடினாள். கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது.

"போடில், உள்ள இருக்கீங்களா?"

"ஆமா."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"அது என் கையில இல்ல."

யூட்டே கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "எனக்கும் வந்துருச்சு."

உள்ளேயிருந்து போடில் கேட்டாள்: "கோழியா இருக்குமோ?"

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம் போடில். தயவுசெஞ்சு கதவைத் திறங்க."

போடில் அவசரமாகத்தான் திறந்தாள். ஆனாலும் தாமதமாகிவிட்டது. யூட்டே சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். இஸ்திரி போட்ட சட்டையில்லாமல் ஒருநாளும் நோயாளி முன் நின்றிராதவள். போடில் கீழே பார்த்தாள், யூட்டேயின் முகத்தைப் பார்த்தாள். தோளைப் பிடித்து உள்ளே அனுப்பினாள். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கொடியில் கிடந்த தன் கைலியைக் கதவிடுக்கில் நீட்டினாள்.

"நைட்டியைக் குடுங்க."

"வேண்டாம், நானே அலசிக்கறேன்."

"குடுங்க யூட்டே. புயல்ல மொத்தக் கப்பலும் வாந்தியெடுத்துப் பாத்திருக்கேன். இது என்ன, ஒரு நைட்டி."

யூட்டே கொடுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. போடில் சத்தமாகத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துணியை அலசினாள், கேட்காதது போலவே. பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். தாழ்ப்பாள் யாரும் போடக் கூடாது, அவசரம் என்று கத்துபவளுக்கே முதலிடம் என்று அங்கேயே சட்டம் போட்டாள்.

காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த சிக்னே, அம்மா வெளிறிப்போய்க் கிடப்பதைப் பார்த்துப் பதறினாள்.

"ஒண்ணுமில்லடி, லேசா வயித்தால போகுது. என் பையில நிறுத்தற மாத்திரை இருக்கு, எடு. ரெண்டைப் போட்டா கல்லு மாதிரி ஆயிடும்."

யூட்டே எழுந்து வந்து போடிலின் நெற்றியில் கை வைத்தாள். "அனலா கொதிக்குது. ரத்தம் போச்சா?"

"கொஞ்சம்."

"அப்ப இந்த மாத்திரையைத் தொடாதீங்க. காய்ச்சலும் ரத்தமும் இருக்கறப்ப அடைச்சுவெச்சா இன்னும் மோசமாகும்."

"நீ பல் டாக்டர்தானே?"

"பல்லும் வயிறும் ஒரே குழாய்லதான் இருக்கு. படு."

போடில் படுக்கவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக எழுந்து இரண்டடி வைத்தாள். முழங்கால் மடங்கியது. யூட்டேயும் சிக்னேயும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தார்கள். அதற்குமேல் அவள் வாதாடவில்லை. அர்த்தினி டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் தேசாக் பைக்கில் வந்து இறங்கிய இளம்பெண். கண் இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"கோழி" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"எந்தக் கடையில?"

போடில் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போடிலுக்கு மட்டும் கிருமிக்கான மாத்திரை கொடுத்தாள். காய்ச்சல் இல்லாத யூட்டேக்கு அது வேண்டியதில்லை. உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலங்கள் இருவருக்கும். "சுத்தமான தண்ணியில கரைச்சு வாய் வாயா குடிங்க. ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் ஒரு டம்ளர். தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. மூத்திரம் வெளுத்து வந்தா தேறிட்டு வர்றீங்கன்னு அர்த்தம். பசிச்சா கஞ்சி, வாழைப்பழம். பீர் கூடாது. நாளைக்கும் காய்ச்சல் விடலன்னாலோ, தலை சுத்தி எழுந்திரிக்க முடியலன்னாலோ ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"அப்ப இப்பவே குடிக்க ஆரம்பிங்க."

போடில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "கடல் தண்ணியில சக்கரை போட்ட மாதிரி இருக்கு."

"ஆயுசு பூரா அதுமேலதானே கப்பல் ஓட்டினே. குடி" என்றாள் யூட்டே.

அன்றைக்கு முழுக்க அந்தக் குடிலில் டம்ளர் சத்தமும் கதவுச் சத்தமும்தான். உள்ளே போனவள் மூத்திரத்தின் நிறம் என்னவென்று அங்கிருந்தே அறிவிக்க வேண்டும். "தேயிலைத் தண்ணி" என்று யூட்டே கத்தினால், "இன்னொரு டம்ளர்" என்று போடில் உத்தரவு போடுவாள். மத்தியான வெயிலில் கூரையின் பல்லிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது யூட்டே மெதுவாகச் சொன்னாள்:

"எலும்புகிட்ட சிவப்பா இருந்ததை நான் பாத்தேன்."

போடில் தலையைத் திருப்பினாள். "பாத்துட்டுமா தின்னே?"

"சொன்னா நீ கோவிச்சுப்பியேன்னு."

"என் கோவத்துக்குப் பயந்து வேகாத கோழியைத் தின்ன ஒரே ஆளு நீதான்." போடில் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரித்த வேகத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்து படுத்ததும் கேட்டாள்: "அந்தச் சர்ச்சுல அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அங்க நடந்தா என் ஆளுங்க என்னைச் சுத்தி இருப்பாங்க. இங்க யார் இருக்கா? எஸ்பனோட அப்பா புதுப் பொண்டாட்டியோட வந்திருக்கான். பெத்தவங்க மேசைன்னு அவங்க ரெண்டு பேர் பக்கத்துல நான் தனியா உக்காந்து சிரிச்சுட்டு இருக்கணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உங்கிட்டயா?"

அது நியாயமான கேள்வி என்று போடிலுக்கே பட்டது. பொட்டலம் ஒன்றைக் கிழித்து யூட்டேயின் டம்ளரில் கொட்டிக் கலக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. போடில் கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது." அர்த்தினி அரிசிக் கஞ்சி கொண்டுவந்தாள். "மேல கொஞ்சம் கோழி பிச்சுப் போடட்டுமா?" என்று அப்பாவி முகத்தோடு கேட்டாள். இருவரும் கையெடுத்துக் கும்பிடாத குறை. வெறும் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார்கள். உலகத்தில் இதைவிட ருசியான சாப்பாடு கிடையாது என்று யூட்டே சத்தியம் செய்தாள்.

அன்று சாயங்காலம் போடில் மகளைக் கூப்பிட்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒரு மேசை போடு. கழிப்பறைக்குப் பக்கத்துல."

"அம்மா, பெத்தவங்க நடுவுலதான் உக்காரணும்."

"மணல்ல நடு ஏது, ஓரம் ஏது. டாக்டர் உத்தரவுன்னு சொல்லிக்கோ."

சிக்னே யூட்டேயைப் பார்த்தாள். யூட்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னேக்குப் புரிந்தது, மேசை போடச் சொல்லக் கிளம்பினாள்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் போடில் மகளின் கையைப் பிடித்து மணலில் நடத்திக் கூட்டிப்போனாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்வது கஷ்டம். மோதிரம் மாற்றியதும் விருந்து. பெண்ணைப் பெற்றவர் முதலில் பேசுவது அவர்கள் வழக்கம். போடில் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே கண்ணாடி டம்ளரைத் தட்டினாள். அதில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது.

"ரொம்ப நேரம் பேசணும்னு எழுதி வெச்சிருந்தேன். என் வயிறு அவ்வளவு நேரம் தராது. அதனால ஒண்ணே ஒண்ணு. சிக்னே, எஸ்பன், உங்கள்ல ஒருத்தர் சமைச்சது வேகலன்னா இன்னொருத்தர் வாயைத் திறந்து சொல்லிடுங்க. மரியாதைக்காகத் தின்னாதீங்க. எதுக்குச் சொல்றேன்னு என் சம்பந்தியைக் கேளுங்க."

எல்லாரும் யூட்டேயைத் திரும்பிப் பார்த்தார்கள். "அவ சமைச்சா ஓடிடுங்க, அவ்வளவுதான்" என்றாள் யூட்டே. எல்லா மேசையிலும் சிரிப்புக் கிளம்பியது. முன்னாள் கணவனும் சிரித்தான். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதையே யூட்டே அப்போதுதான் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஜோடி வேறு தீவுக்குக் கிளம்பியது. சொந்தக்காரர்கள் விமானம் ஏறினார்கள். அம்மாக்கள் இருவரும் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

"வந்ததுலேர்ந்து கூரையைத்தான் பாத்தோம்" என்றாள் போடில்.

மறுநாள் முகமூடிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். யூட்டே முதலில் பயந்து போடிலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நீலமும் மஞ்சளுமாக ஒரு மீன்கூட்டம் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. தோளை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய்விட்டாள். போடில்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரைக்கு வரவழைத்தாள்.

கரையேறியபோது இருவருக்கும் அகோரப் பசி. அர்த்தினி சுடச்சுடச் சோறும், நன்றாக வெந்த மீனும், எண்ணெயில் தாளித்த வெங்காய மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். ஈரத் தலையோடு உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்ட யூட்டே, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டாள்.